கார்னர் கொடிக்கும் வரிப்பணம்

வாடகை வீட்டில் குடியிருந்து நொந்தவர்கள் கவனிக்கவும். லண்டனில் ஒரு வீட்டுக்காரர் இருக்கிறார். 99 ஆண்டுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். கரண்ட் பில் அவர் பொறுப்பு. பெருக்கித் துடைக்க ஆள் போடுவது அவர் பொறுப்பு. வாசலில் காவலுக்கு ஆள் நிறுத்துவதும் அவர் பொறுப்பு. நீங்கள் பால் காய்ச்சுவதற்கு முன் பழைய கூரையைப் பிரித்துப் புதுக் கூரை போட்டுத் தருவார். அந்தச் செலவில் இருபதில் ஒரு பங்குகூட நீங்கள் தர வேண்டாம். உங்கள் உத்தியோகத்தில் இறக்கம் வந்தால் வாடகையைப் பாதியாக்கிவிடுவார். இத்தனையும் செய்து நஷ்டப்பட்டாலும் உங்களைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார். பக்கத்துத் தெருக்காரர்களிடம் வசூலித்துக்கொள்வார்.

விலாசம்: லண்டன் ஸ்டேடியம், ஸ்ட்ராட்ஃபர்ட். குடியிருப்பவர்: வெஸ்ட் ஹாம் யுனைடெட் கால்பந்து கிளப். வீட்டுக்காரர்: லண்டன் பொதுமக்கள். தாங்கள்தான் வீட்டுக்காரர் என்பதே பில் வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

இங்கிலாந்துக் கால்பந்து ரசிகர்களுக்குள் தீராத சண்டை ஒன்று உண்டு. பழைய மைதானத்திலேயே இருப்பதா, புது ஸ்டேடியத்துக்குப் போவதா? 2006ல் ஆர்சனல் ஹைபரியை விட்டுக் கிளம்பியபோது இந்தச் சண்டை. 2017ல் டாட்டன்ஹாம் தன் வொயிட் ஹார்ட் லேன் மைதானத்தை இடித்தபோது இந்தச் சண்டை. எவர்டன் 133 ஆண்டு ஆடிய குடிசன் பார்க்கில் 2025 மே மாதம் ஆண்கள் அணி கடைசி ஆட்டம் ஆடும்வரை இந்தச் சண்டை. இப்போது மான்செஸ்டர் யுனைடெட்டின் முறை.

பழைய மைதானத்துக்காரர் சொல்வார்: "என் தாத்தா நின்று கத்திய படி இது." புது ஸ்டேடியத்துக்காரர் திருப்பிக் கொடுப்பார்: "படி இருக்கட்டும், தாத்தா காலத்துக் கழிப்பறையும் எதற்கு?" ஒருவர் சத்தத்தைச் சொல்வார். அந்தத் தகரக் கூரைக்குக் கீழே எழும் சத்தம் வேறெங்கும் வராது என்பார். இன்னொருவர் தூணைச் சொல்வார். இருபது வருஷமாக ஒரு கோல் கம்பத்தைத்தான் பார்த்திருக்கிறேன், மற்றது தூணுக்குப் பின்னால் இருக்கிறது என்பார். இருவர் சொல்வதும் உண்மை. இருவரையும் யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

கிளப் முதலாளிகளுக்கு இந்தச் சண்டை மிகவும் பிடிக்கும். பாசமா வசதியா என்று ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்வரை மூன்றாவது கேள்வி மேடையேறாது. யார் காசு?

அப்டன் பார்க்கைப் பார்ப்போம். கிழக்கு லண்டனின் நியூஹாம் பகுதி. மைதானத்தின் பெயர் போலீன் கிரவுண்ட். 1904 முதல் 2016 வரை 112 ஆண்டு வெஸ்ட் ஹாம் அங்கே ஆடியது. தேம்ஸ் கரையில் கப்பல் கட்டிய இரும்புத் தொழிலாளர்களுக்காக 1895ல் தொடங்கிய அணி. அதனால்தான் சட்டையில் இன்றும் சுத்தியல் சின்னம். 1966ல் இங்கிலாந்து உலகக் கோப்பை வென்றதே, அந்தக் கேப்டன் பாபி மூர் இந்தக் கிளப். இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து போட்ட கோல்கள் நான்கு. மூன்று ஜெஃப் ஹர்ஸ்ட், ஒன்று மார்ட்டின் பீட்டர்ஸ். இருவரும் இந்தக் கிளப்.

மைதானம் இருந்தது கிரீன் ஸ்ட்ரீட்டில். நகைக்கடை, புடவைக்கடை, மளிகைக்கடை நிறைந்த தெரு. மேட்ச் நாளில் பட்டுப்புடவை எடுக்க வந்தவர்களுக்கும் பியர் குடித்து வந்தவர்களுக்கும் அதே நடைபாதைதான். அடுத்த ஊர் ஈஸ்ட் ஹாம். தமிழ்க்கடைகளும் கோயிலும் உள்ள ஈஸ்ட் ஹாம். அதைப் பிறகு சொல்கிறேன். ஈஸ்ட் ஹாம் தமிழருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. பங்கு என்றால் லாபத்தில் இல்லை.

2016 மே 10. கடைசி ஆட்டம். எதிரணி மான்செஸ்டர் யுனைடெட். அவர்கள் வந்த பஸ்ஸின் மீது பாட்டில் பறந்தது. ஆட்டம் 45 நிமிடம் தாமதம். 3-2 என்று வெஸ்ட் ஹாம் வென்றது. பெரிய ஆண்கள் அழுதார்கள். டி.வி. அதை நெருக்கத்தில் காட்டியது. அழுகை நல்ல நிகழ்ச்சி. ஒப்பந்தப் பத்திரம் போரடிக்கும். போலீன் மைதானத்தைக் கட்டுமான நிறுவனம் ஒன்று வாங்கியது. 800க்கு மேல் அடுக்குமாடி வீடுகள். வீடில்லாதவர்கள் எண்ணிக்கையில் இங்கிலாந்தின் முன்வரிசையில் நிற்கும் நியூஹாமில், சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் வீடு எத்தனை என்று கேட்டபோது முதலில் வந்த பதில் நூற்றுக்கு ஆறு. உள்ளூர் மக்கள் கூச்சலிட்ட பிறகு நூற்றுக்கு இருபத்தைந்து. இடிப்பதற்கு முன் அங்கே ஒரு ஆக்ஷன் படத்தையும் எடுத்து முடித்தார்கள். கதை, நிரம்பிய மைதானத்தைத் தீவிரவாதிகள் பிடித்துக்கொள்வது. நிஜத்தில் பிடித்துக்கொண்டவர்கள் கோட்டு சூட்டு போட்டிருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இனி புது வீட்டின் கதை. அது கால்பந்துக்குக் கட்டிய வீடே அல்ல.

2005 ஜூலை, சிங்கப்பூர். 2012 ஒலிம்பிக்ஸ் லண்டனுக்குக் கிடைத்தது. முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் பழைய ஓட்டப்பந்தய வீரர் செபாஸ்டியன் கோ. ஒலிம்பிக்ஸ் முடிந்ததும் ஸ்டேடியம் தடகளத்துக்கே என்பது வாக்குறுதி. 80,000 இருக்கை போடுவார்களாம். பிறகு மேல்தட்டைக் கழற்றி 25,000 ஆக்குவார்களாம். உலகத்தில் எந்த ஊரில் ஓட்டப்பந்தயம் பார்க்க வாராவாரம் 25,000 பேர் வருகிறார்கள் என்று கேட்கக் கூடாது. அது தேசபக்தி இல்லாதவர்கள் கேட்கும் கேள்வி.

கட்டுவதற்கு முன்பே சிலர் சொன்னார்கள். கால்பந்துக்கும் பொருந்தும்படிக் கட்டிவிடுங்கள், பின்னால் தலைவலி இருக்காது. ஒதுக்கித் தள்ளினார்கள். இதற்கு முன்மாதிரி தேடி நிலாவுக்குப் போக வேண்டியதில்லை. மான்செஸ்டருக்கு ரயில் ஏறினால் போதும். 2002 காமன்வெல்த் போட்டிக்கு அங்கே ஸ்டேடியம் கட்டியபோதே திட்டம் தெளிவு. போட்டி முடிந்ததும் ஓடுபாதையைத் தோண்டி எடுத்தார்கள். தரையைத் தாழ்த்தினார்கள். கீழே இன்னொரு அடுக்கு கேலரி போட்டார்கள். மறு ஆண்டு மான்செஸ்டர் சிட்டி குடிபுகுந்தது. லண்டன்காரர்கள் இதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு நேர்மாறாகச் செய்தார்கள்.

ஒலிம்பிக்ஸ் முடிந்தது. பட்டாசு வெடித்தது. மறுநாள் காலையில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இப்போது இதை என்ன செய்வது?

2011லேயே வெஸ்ட் ஹாமுக்குக் கொடுப்பதாக ஓர் ஏற்பாடு நடந்து, வழக்கு வம்பில் சிக்கி முறிந்திருந்தது. டாட்டன்ஹாம் கிளப் ஒரு மாற்று யோசனை வைத்திருந்தது: ஒலிம்பிக் ஸ்டேடியத்தை இடித்துவிட்டு ஓடுபாதை இல்லாமல் கால்பந்துக்கென்றே புதிதாகக் கட்டுவது, தடகளத்துக்கு வேறிடத்தில் பழைய மைதானம் ஒன்றைச் சீரமைத்துக் கொடுப்பது. கேட்டதும் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒலிம்பிக் சின்னத்தை இடிப்பதா? புனிதம் காப்பாற்றப்பட்டது. காப்பாற்றிய கட்டணத்தைக் கீழே பார்க்கலாம்.

2013 மார்ச்சில் மேயர் போரிஸ் ஜான்சன் சிரித்தபடி அறிவித்தார். வெஸ்ட் ஹாம் வருகிறது. ஸ்டேடியத்தை மாற்றியமைக்கும் வேலை தொடங்கியது. ஒலிம்பிக்ஸுக்குப் போட்ட கூரை போதாது, வேறு கூரை. கூரை மாறினால் விளக்கு மாற வேண்டும். கூரையின் பாரத்தைத் தாங்க இரும்பு கூட வேண்டும். மாற்றும் செலவு மட்டும் 27.2 கோடி பவுண்டு என்றார்கள். பிறகு 32.3 கோடி என்றார்கள். கட்டியது, மாற்றியது எல்லாம் சேர்த்து 75.2 கோடி பவுண்டு. ஒலிம்பிக்ஸ் கேட்கும்போது ஸ்டேடியத்துக்குச் சொன்ன தொகை 28 கோடி.

இதில் வெஸ்ட் ஹாம் கொடுத்தது 1.5 கோடி. மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு. வாடகை தொடக்கத்தில் ஆண்டுக்கு 25 லட்சம் பவுண்டு. வாரக் கணக்கில் 48,000. பிரிமியர் லீக்கின் முன்னணி ஆட்டக்காரர் ஒருவரின் வாரச் சம்பளம் இதைவிட அதிகம். கிளப் குடியேறிய முதல் சீசனில் பிரிமியர் லீக்கில் கடைசி இடம் பிடித்துக் கீழே இறங்கிய சண்டர்லாண்டுக்கே லீக் கொடுத்த பங்குப்பணம் 9 கோடி பவுண்டுக்கு மேல். தோற்றவனுக்கே ஒன்பது கோடி கிடைக்கும் தொழில். அந்தத் தொழிலுக்குத்தான் பொதுமக்கள் மானியம்.

நகரும் நாற்காலி விவகாரம் தனி. தடகளத்துக்கு ஓடுபாதை வேண்டும். கால்பந்துக்கு ரசிகர் கோட்டருகே வேண்டும். ஆகவே கீழ் அடுக்கு கேலரி நகரும் என்றார்கள். ஏதோ பொத்தானை அமுக்கினால் நகரும் என்று நாட்டு மக்கள் நம்பினார்கள். பிரித்து, இழுத்து, மறுபடி பூட்டும் வேலை அது. நாள் கணக்கில் ஆகும். ஆண்டுச் செலவு 3 லட்சம் பவுண்டு என்று கணக்கு எழுதியிருந்தார்கள். 2016 நவம்பரில் உண்மைக் கணக்கு வந்தது. 80 லட்சம். ஒரு வருஷ வாடகையை வாங்கி அப்படியே நாற்காலி தள்ளக் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு நாற்காலிதான் நகரும்.

அப்படி நகர்த்தியும் கிட்டே வந்ததா? வரவில்லை. கேலரிக்கும் ஆடுகளத்துக்கும் நடுவே ஓடுபாதையின் அகலம் கிடக்கிறது. கீழ் அடுக்குக்கும் மேல் அடுக்குக்கும் நடுவே ஒரு பள்ளம் கிடக்கிறது. அப்டன் பார்க்கில் த்ரோ எடுக்க வந்த ஆட்டக்காரர் காதில் ரசிகர் சொன்ன வசவு விழும். இங்கே ஆட்டக்காரர் யார் என்று தெரிவதே முதல் பிரச்சினை. அந்த வெற்றிடத்தை மூடத் தரைவிரிப்பு போட்டார்கள். விரிப்பு பச்சையா, கிளப்பின் சட்டை நிறமா என்று வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் தகராறு வந்து வக்கீல்வரை போனது. நான் கற்பனை செய்யவில்லை.

இந்த ஒப்பந்தத்தை வெளியே காட்டவே மாட்டோம் என்றார்கள். வணிக ரகசியமாம். பொதுப்பணம் போகிறது, பொதுச்சொத்து போகிறது, பொதுமக்களுக்கு மட்டும் ரகசியம். பிடிவாதமாக நின்றவர்கள் 14 கிளப்புகளின் ரசிகர் அமைப்புகள். சனிக்கிழமை தோறும் ஒருவரை ஒருவர் தாய் தகப்பன் பெயர் சொல்லித் திட்டிக்கொள்ளும் ரசிகர்கள் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். எம்.பி.க்கள் செய்ய வேண்டிய வேலையைக் கழுத்தில் மஃப்ளர் சுற்றியவர்கள் செய்தார்கள். ஸ்டேடியத்தை நிர்வகித்த லண்டன் லெகசி டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் ஒப்பந்தத்தை மறைக்கத் தீர்ப்பாயம்வரை போய் வழக்காடியது. எந்தப் பணத்தில் வழக்காடியது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். உங்களுக்கே தெரியும்.

தோற்றார்கள். 2016 ஏப்ரலில் ஒப்பந்தம் வெளியே வந்தது. விளக்கு, வெப்பம், துப்புரவு, காவல், புல்தரைப் பராமரிப்பு எல்லாம் பொதுக்கணக்கு. கோல் கம்பம் பொதுக்கணக்கு. கார்னர் கொடி பொதுக்கணக்கு. நான்கு கம்பு, நான்கு துணி. கோடிகளில் ஆட்டக்காரரை வாங்கும் கிளப் இதைக்கூடச் சொந்தக் காசில் நட வேண்டியதில்லை. இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினால் வாடகை பாதி. மோசமாக ஆடினால் தள்ளுபடி. இப்படி ஒரு ஊக்கத்தொகைத் திட்டம் வேறெந்தத் தொழிலில் உண்டு?

இந்தப் பேரத்தைக் கிளப் சார்பில் முடித்தவர் துணைத்தலைவர் காரன் பிரேடி. திறமைசாலி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் சந்தேகம் இருந்திருக்காது. பேரம் முடிந்த மறு ஆண்டு, 2014ல், அவர் கன்சர்வேடிவ் கட்சியின் பிரபுவாக மேலவைக்குப் போனார். அதே ஆண்டுகளில் அதே கட்சி தலைமையிலான அரசு நாட்டுக்குச் சிக்கனம் போதித்துக்கொண்டிருந்தது. நூலகம் மூடினார்கள். உதவித்தொகையில் கைவைத்தார்கள். உதவித்தொகை வாங்கும் வீட்டில் ஒரு படுக்கையறை கூடுதலாக இருந்தால் அதற்கும் வெட்டு. அரசை நம்பி வாழாதே, சொந்தக் காலில் நில் என்று ஏழைக்கு உபதேசம். கால்பந்து முதலாளிக்கு நிற்க, உட்கார, நாற்காலி நகர்த்த எல்லாவற்றுக்கும் அரசு.

ஈஸ்ட் ஹாம் விஷயத்துக்கு வருகிறேன். நியூஹாம் கவுன்சிலும் இந்த ஸ்டேடியத்தில் பங்காளி ஆனது. முதலீடு 4 கோடி பவுண்டு. லண்டனின் ஏழைப் பகுதிகளில் ஒன்று. பிள்ளைகளின் வறுமைக் கணக்கெடுத்தால் மேலே வரும் பகுதி. அந்தக் கவுன்சில் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் பணம் போட்டு லாபம் பார்க்கப் புறப்பட்டது. 2017ல் பங்காளித்துவத்திலிருந்து விலகியது. பணம் திரும்பவில்லை. ஈஸ்ட் ஹாமில் மளிகைக்கடை வைத்திருப்பவரும், இரவு ஷிஃப்ட் முடித்து வரும் நர்ஸும், பஸ் ஓட்டுபவரும் கட்டும் கவுன்சில் வரி இருக்கும் கஜானா அது. அவர்களில் பலர் ஒரு கால்பந்து ஆட்டத்தைக்கூட நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்காமலேயே டிக்கெட் வாங்கிவிட்டார்கள்.

2017 டிசம்பரில் விசாரணை அறிக்கை வந்தது. புது மேயர் சாதிக் கான் தணிக்கை நிறுவனத்தை வைத்துக் கேட்டது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 கோடி பவுண்டு நஷ்டம் என்றும், அதைப் பொதுமக்களே சுமக்க வேண்டும் என்றும் தெரிந்தது. அறிக்கை வந்ததும் சம்பந்தப்பட்டவர்களுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருப்பீர்கள். சொல்கிறேன். போரிஸ் ஜான்சன் பிரதமர் ஆனார். வேறு கேள்வி உண்டா?

ரசிகர்களுக்கு வேறு கணக்கு. 2018 மார்ச் 10, பர்ன்லியுடன் ஆட்டம். 0-3. ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் புகுந்தார்கள். ஒருவர் கார்னர் கொடியைப் பிடுங்கிக்கொண்டு போய் நடுவட்டத்தில் நட்டார். தன் சொத்தைத்தான் இடம் மாற்றினார் என்பது பாவம் அவருக்குத் தெரிந்திருக்காது. முதலாளிகள் இருக்கும் பகுதிக்குக் கீழே நூற்றுக்கணக்கானோர் திரண்டு கத்தினார்கள். காசு எறிந்தார்கள். முதலாளி டேவிட் சலிவன் மீதும் பட்டது. காசு எறிந்ததை நான் ஆதரிக்கவில்லை. அந்தக் கிளப்புக்குப் பொதுமக்கள் ஏற்கெனவே போதுமான காசு எறிந்திருக்கிறார்கள். மிரண்ட குழந்தைகளைப் பர்ன்லி அணி தன் பெஞ்சில் உட்கார வைத்துக்கொண்டது. முதலாளிகள் எழுந்து போன வரிசையில் பழைய ஆட்டக்காரர் டிரெவர் புரூக்கிங் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். 2023 ஜூனில் பிராக் நகரில் ஃபியோரென்டினாவை வென்று வெஸ்ட் ஹாம் ஐரோப்பியக் கோப்பை ஒன்றைத் தூக்கியது. 1980க்குப் பிறகு முதல் பெரிய கோப்பை. அப்டன் பார்க்கில் 35,000 பேர்தான் உட்கார முடிந்தது. இங்கே 60,000க்கு மேல். டிக்கெட் கிடைக்காமல் ஏங்கிய குடும்பங்கள் உள்ளே வந்தன. தொடக்கத்தில் சிறுவர்களுக்கு மலிவு சீசன் டிக்கெட்டும் கொடுத்தார்கள். போனது சரிதான் என்று சொல்லும் ரசிகர்களை நான் முட்டாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2024ல் அதே கிளப் சிறுவர், முதியோர் சலுகையை ஸ்டேடியத்தின் பல பகுதிகளிலிருந்து எடுத்தது. வாடகையில் சலுகை வாங்கிய கிளப், எழுபது வயதுக்காரருக்குச் சலுகை கொடுக்க யோசித்தது.

ரசிகர்களிடம் ஓட்டுக் கேட்டால் மட்டும் தீருமா? எவர்டனில் 2007ல் கேட்டார்கள். ஊருக்கு வெளியே கிர்க்பியில் ஸ்டேடியம். கூடவே டெஸ்கோ சூப்பர் மார்க்கெட். கால்பந்தும் காலிஃபிளவரும் ஒரே வளாகத்தில். 59 சதவீதம் பேர் சரி என்றார்கள். 2009ல் அரசாங்கம் திட்டத்தை நிராகரித்தது. இப்போது லிவர்பூல் கப்பல்துறையில் புது ஸ்டேடியம் கட்டி அங்கே போய்விட்டார்கள். அந்த நகரம் 2021ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது; துறைமுகக் கட்டுமானங்களில் இந்த ஸ்டேடியத்தையும் காரணமாகச் சொன்னார்கள்.

இனி மான்செஸ்டர். யுனைடெட்டின் மைதானம் ஓல்ட் டிராஃபர்ட் 1910ல் திறந்தது. 1941ல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. அதிலிருந்து மீண்டது. 2005ல் கிளேசர் குடும்பம் வந்தது. கிளப்பை வாங்குவதற்கான கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டிய குடும்பம். அதிலிருந்து இன்னும் மீளவில்லை. வட்டி, கட்டணம், லாப ஈவு என்று 100 கோடி பவுண்டுக்கு மேல் வெளியே போனது. கூரைக்கு வரவில்லை. 2024 மே மாதம் ஆர்சனல் ஆட்டத்தன்று பெய்த மழையில் கேலரிமேல் அருவி கொட்டியது. எலி நடமாட்டத்தால் ஸ்டேடியத்தின் உணவுச் சுகாதார மதிப்பெண் குறைந்தது. இருபது ஆண்டு பழுது பார்க்காமல் விட்டுவிட்டு, பழசாகிவிட்டது, வேறு கட்ட வேண்டும் என்கிறார்கள்.

சொல்பவர் ஜிம் ராட்கிளிஃப். ரசாயன ஆலை அதிபர். கிளப்பில் கால் பங்குக்கு மேல் வைத்திருப்பவர். வரி கட்டும் விலாசம் மொனாக்கோ. வந்ததும் சிக்கனம் செய்தார். நூற்றுக்கணக்கான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார். மிஞ்சிய ஊழியர்களின் இலவச மதியச் சாப்பாட்டை நிறுத்திப் பழம் கொடுத்தார். சீசன் நடுவில், மீதியிருந்த டிக்கெட்டுகளைச் சிறுவர் முதியோர் சலுகையில்லாமல் 66 பவுண்டு ஆக்கினார். இப்படிச் செய்யாவிட்டால் ஆண்டு முடிவதற்குள் கிளப்பில் பணம் தீர்ந்துவிடும் என்று 2025 மார்ச் 10 அன்று பேட்டி கொடுத்தார். மார்ச் 11 அன்று ஒரு லட்சம் பேர் அமரும் புது ஸ்டேடியம் கட்டப்போவதாக அறிவித்தார். செலவு 200 கோடி பவுண்டு. நார்மன் ஃபாஸ்டர் நிறுவனத்தின் வரைபடம். 200 மீட்டர் உயரத்தில் மூன்று கம்பங்கள். நகரத்துக்கு வெளியே வெகு தூரத்திலிருந்தே தெரியுமாம். பணம் எங்கிருந்து வரும் என்பது மட்டும் தெரியவில்லை.

ஸ்டேடியத்தைக் கிளப் கட்டும், சுற்றியுள்ள ரயில், சாலை, நில வேலைகளுக்கு அரசு கைகொடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. மறுமலர்ச்சித் திட்டம் என்று அதற்குப் பெயர். மொனாக்கோவில் வரி, மான்செஸ்டரில் மறுமலர்ச்சி. நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் 2025 ஜனவரியிலேயே ஆதரவு சொல்லிவிட்டார். இதையெல்லாம் ஆராய்ந்து பரிந்துரை சொல்ல 2024ல் ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் யார் தெரியுமா? செபாஸ்டியன் கோ. லண்டனுக்கு ஸ்டேடியம் வாங்கிக் கொடுத்த அதே கோ.

ஓல்ட் டிராஃபர்ட் ரசிகர்கள் இப்போது பப்புகளில் மும்முரமாக இருக்கிறார்கள். பழசைப் புதுப்பிப்பதா, புதிதாகக் கட்டுவதா? தாத்தாவின் படியா, ஒழுகாத கூரையா? சண்டை போடுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள். நிலம் யார் பெயரில்? வட்டி யார் தலையில்? ரயில்பாதை யார் செலவில்? நஷ்டம் வந்தால் எந்தத் தெருவில் வசூல்? வணிக ரகசியம் என்று சொன்னால் வெஸ்ட் ஹாம் ஒப்பந்தத்தை வெளியே இழுத்துப்போட்ட அந்தப் 14 ரசிகர் அமைப்புகளிடம் வழி கேளுங்கள். அவர்களுக்கும் கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது. கையெழுத்தெல்லாம் ஆன பிறகு. லண்டன் ஸ்டேடியத்தின் 99 ஆண்டுக் குத்தகை 2016ல் தொடங்கியது. முடிவது 2115ல்.